தெரிவுப் பாடமும் தோட்டத்துப் பிள்ளையும்: கண்டிப் பிரதேசக் கல்விப் பரிசோதனைகள் பற்றிய ஒரு நோக்கு

பொதுப் பாடத்திட்டத்துக்கு அப்பால், மாணவர் விருப்பத்துக்கும் சூழலுக்கும் ஏற்றதொரு கல்வியை ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தாமே வகுத்துக்கொள்ளல் அண்மைக்காலக் கல்வியியலார் கண்ட புதுமையெனக் கருதுவோர் உளர். கண்டி நகரையும் அதன் சூழலையும் பொறுத்தவரையில் இம்முயற்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. திரித்துவக் கல்லூரியில் 1904இன் பின் நிகழ்ந்த மாற்றங்கள், 1932இல் தொடங்கிய ஹந்தெஸ்ஸக் கிராமியக் கல்வித் திட்டம், 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் புகுத்திய தொழில் முன்னிலைப் பாடங்கள் ஆகிய மூன்றும் அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களாகும். இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தோர் பலர். மூன்றையும் ஒருங்குவைத்து, அவற்றின் பயன் எவரைச் சென்றடைந்தது, எவரைச் சென்றடையவில்லை என்னும் வினாவை எழுப்புவதே இங்கு எமது நோக்கமாகும்.

1. மிஷன் கல்லூரியும் சுதேச மொழியும்

கண்டியில் 1872இல் தோன்றிய மிஷன் பாடசாலையே பின்னர் திரித்துவக் கல்லூரியாயிற்று. குடியேற்றநாட்டு நிருவாகத்துக்கு வேண்டிய எழுதுவினைஞரையும் உயர்தொழில் புரிவோரையும் உருவாக்கிய ஏனைய ஆங்கிலப் பாடசாலைகளைப் போலவே இதுவும் இங்கிலாந்துப் பரீட்சைகளை நோக்கியே இயங்கியது. 1904இல் அதிபராக வந்து 1924 வரை பணியாற்றிய ஏ. ஜி. பிரேசர் இந்நிலையை மாற்ற முனைந்தார். தம் மக்களின் மொழியை அறியாத மாணவர் தம் மக்களுக்குத் தலைமை தாங்குதல் இயலாது என்பது அவர் கொள்கை. அதனால் சிங்களமும் தமிழும் பாடசாலையில் உரிய இடத்தைப் பெற்றன. வகுப்பறைக்கு வெளியே, நகரத்து வறியோரின் நிலையை நேரிற் கண்டு தொண்டாற்றும் சமூக சேவையும் கல்வியின் ஒரு கூறாயிற்று.

இம்மாற்றங்களின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1919–20இல் இந்தியக் கிராமக் கல்வியை ஆராய்ந்த மிஷன் ஆணைக்குழுவுக்குப் பிரேசரே தலைமை தாங்கினார் என்பதும், கண்டியை விட்டு நீங்கிய பின் மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய கானாவிலுள்ள அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. ஆயினும் இவ்விரிந்த கல்வி, கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் உரியதாயிருந்தது. வறியோர் அக்கல்வியின் ஆய்வுப் பொருளாயினர். அதன் மாணவராயினர் மிகச் சிலரே.

இதே காலத்தில் மலைச்சரிவுகளில் வேறொரு கல்வி நடைபெற்றது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், தோட்டங்களில் வாழும் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட அத்தியட்சகர் மீது சுமத்தியது. எழுத்தும் வாசிப்பும் எண்ணுமே அக்கல்வியின் எல்லை. பெரும்பாலான பாடசாலைகளில் ஆசிரியர் ஒருவரே இருந்தார். ஓராசிரியர் பாடசாலையில் ‘ஆசிரியர் கூடித் திட்டமிடல்’ என்னும் பேச்சுக்கே இடமில்லை. அவ்வாசிரியர் கூடி ஆராய வேறு ஆசிரியர் இல்லை. அவர் வகுக்கும் திட்டத்தை அனுமதிப்பதற்கோ மறுப்பதற்கோ துரை இருந்தார். கூட்டுச் செயற்பாடு ஆசிரியரின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. அதற்கும் ஒரு பொருளியல் அடிப்படை வேண்டும் என்பதை இவ்வேறுபாடு நன்கு புலப்படுத்துகின்றது.

2. ஹந்தெஸ்ஸ: மண்வெட்டியும் ஆங்கிலமும்

1931இல் சருவசன வாக்குரிமை வந்து, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வியமைச்சரான பின், கிராமத்துக்கென ஒரு கல்வி வேண்டுமென்ற கருத்து வலுப்பெற்றது. அக்கருத்தின் முதல் வடிவமே 1932இல் கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸக் கிராமத்தில் தொடங்கிய திட்டமாகும். பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றைச் சுற்றியே மொழியும் கணக்கும் கற்பிக்கப்படவேண்டும் என்றும், பாடசாலை கிராமத்தின் வாழ்வோடு பிணைந்து நிற்கவேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. இந்தியாவில் வார்தாக் கல்வித் திட்டம் 1937இலேயே உருவாயிற்று என்பதை நினைவுகூர்ந்தால், ஹந்தெஸ்ஸவின் முன்னோடித் தன்மை தெளிவாகும்.

இத்திட்டம் வேறு பாடசாலைகளுக்கும் பரவியபோதிலும் நிலைபெறவில்லை. இதற்குப் பெற்றோரின் அறியாமையே காரணமெனக் கூறுவோர் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியும் என்ற பங்கீட்டை அப்பெற்றோர் சரியாகவே இனங்கண்டனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, மத்திய கல்லூரிகள் ஆங்கிலக் கல்வியைக் கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டச் செய்தபோது, அவர்கள் எதைத் தெரிந்தார்கள் என்பதை வரலாறு காட்டுகின்றது.

இவ்விடத்திற் பிலிப் பொஸ்டர் 1965இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பெரிதும் உதவுகின்றது. பிரேசர் பணியாற்றிய அதே கானாவின் கல்வி வரலாற்றை ஆராய்ந்த அவர், விவசாயக் கல்வி பெற்ற மாணவரும் அலுவலக உத்தியோகத்தையே நாடியமைக்குப் பாடத்திட்டம் காரணமன்று என்றும், எத்தொழிலுக்கு எவ்வளவு ஊதியம், எவ்வளவு மதிப்பு என்ற சமூக நிலையே காரணமென்றும் வாதிட்டார். சமூகம் மதியாத தொழிலைப் பாடசாலை மட்டும் மதிக்கச் செய்தல் அரிது.

3. 1972: தொழில் முன்னிலைப் பாடங்கள்

1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சி, கற்றோரின் வேலையின்மையை நாட்டின் முதற் பிரச்சினையாக்கியது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சருவதேசத் தொழில் தாபனத்தின் குழுவும் கல்விக்கும் தொழிலுக்குமிடையிலான இடைவெளியைச் சுட்டியது. கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் முன்பு கம்பளை சாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். அமைச்சின் செயலாளர் பிரேமதாச உடகம பேராதனையிற் கல்வியியல் கற்பித்தவர். மலைநாட்டுக் கல்வியுலகை நன்கறிந்த இவ்விருவர் காலத்திலேயே 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் நடைமுறையாயிற்று. 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை யாவர்க்கும் பொதுவான பாடத்திட்டம் வகுக்கப்பட்டு, அதனுள் தொழில் முன்னிலைப் பாடங்கள் இரண்டு சேர்க்கப்பட்டன. அத்தொழில்களைச் சுற்றாடலை நோக்கிப் பாடசாலையே தெரிந்துகொள்ளலாம் என்பதே இச்சீர்திருத்தத்தின் தனிச்சிறப்பு. எத்தொழிலைத் தெரிவது, அதன் அறிவியலையும் பொருளாதாரத்தையும் எவ்வாறு கற்பிப்பது, ஊரிலுள்ள கைவினைஞரை எவ்வாறு துணைகொள்வது ஆகியவற்றை ஆசிரியர் கூடி ஆராயும் கடப்பாடு இதனால் எழுந்தது. இலங்கை ஆசிரியர்க்குப் பாடத்திட்ட ஆக்கத்தில் இத்துணை இடம் முன்னர் வழங்கப்பட்டதில்லை.

கண்டிப் பிரதேசம் கைப்பணிகளுக்குப் பேர்பெற்றது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல் இப்பிரதேசக் கைவினைஞரின் ஆற்றலை உலகறியச் செய்தது. ஆயின் தும்பறைப் பாய் நெசவும் பித்தளை வேலையும் மட்பாண்ட வனைவும் வெறுந் தொழில்களல்ல. கண்டிய நிலவுடைமைச் சமூகத்தில் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதிக்கு உரியவையாயிருந்தன. தன் மகன் வகுப்பறையில் மண் பிசைவதைப் பெற்றார் ஒருவர் எவ்வாறு நோக்கியிருப்பார் என்பதைத் தமிழ்ச் சமூகத்தை அறிந்த எமக்கு விளக்கவேண்டியதில்லை. சாதியமைப்பைத் தொடாது தொழிலின் மாண்பை மட்டும் போதிக்க முற்பட்டமை சீர்திருத்தத்தின் உள்முரண்பாடாகும்.

தோட்டத்துப் பிள்ளையின் நிலையோ வேறு. தொழில் முன்னிலைப் பாடம் 6ஆம் வகுப்பிலே தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை 5ஆம் வகுப்போடு, சில அதற்கு முன்னரே, முடிந்தன. எனவே நாடு முழுவதற்கும் ‘பொதுவான’ பாடத்திட்டத்தின் வாயிலிலேயே அப்பிள்ளை நின்றுவிட்டது. 1973–74இல் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. நிலச்சீர்திருத்தத்தின்போது கண்டி மாவட்டத் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்வோர் சென்றுகொண்டிருந்தனர். இச்சூழலிற் பாடசாலைக்குச் செல்லும் வழியே பலருக்கு அடைபட்டது.

இனி, 6ஆம் வகுப்பை எட்டிய தோட்டத்துப் பிள்ளைக்குச் ‘சுற்றாடல் தொழில்’ யாது? கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டலுமேயன்றோ? சுற்றாடலைச் சார்ந்த கல்வி என்னும் முற்போக்கான கோட்பாடு, இங்கு பிள்ளையைத் தாயின் கூடையோடு கட்டிவைக்கும் கயிறாக மாறக்கூடும். ஒரே கோட்பாடு ஓரிடத்தில் விடுதலையும் பிறிதோரிடத்தில் தளையுமாகும் என்பதைக் கல்வித் திட்டமிடுவோர் போதிய அளவு சிந்தித்தாரல்லர்.

1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின் இச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது, பழைய க.பொ.த. சாதாரண தரம் மீண்டது. ஆசிரியர் பெற்ற திட்டமிடும் உரிமையும் அதனோடு மறைந்தது.

4. பெறும் படிப்பினை

தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசு வசமாயின. 1980களிற் சுவீடன் நாட்டு உதவியோடு அவற்றின் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. 1990களின் தொடக்கத்திற் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்திற் பிறந்தோரே ஆசிரியராகி, ஒரே பாடசாலையிற் பலராகப் பணிபுரியும் நிலை இன்று பல இடங்களில் உண்டு. கூடித் திட்டமிடுவதற்கு முன்னில்லாத அடிப்படை இதனால் அமைந்துள்ளது.

முன்னைய முயற்சிகளின் அனுபவத்திலிருந்து மூன்று விடயங்களை வற்புறுத்தலாம். முதலாவது, திட்டமிடற்குரிய நேரம் ஆசிரியரின் நேரசூசியிலேயே ஒதுக்கப்படல் வேண்டும். ஓய்வுநேரத் தொண்டாக விடப்படும் பணி ஓரிரு ஆர்வலரோடு முடிந்துவிடும். இரண்டாவது, தெரிவுக் கல்வி கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு மாற்றீடாக அமைதல் ஆகாது. அவற்றுக்குப் போதிய ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அதனைக் காட்டிக் குறையை மறைத்தல் பழைய பங்கீட்டுக்கே எம்மை மீட்டுச் செல்லும். மூன்றாவது, தொழிலைக் கற்பித்தல் வேறு, தொழிலைப் பற்றிக் கற்பித்தல் வேறு. தேயிலையையே எடுத்துக்கொள்வோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய பயிர்ச்செய்கையின் வரலாறும், பேராதனைப் பூங்காவிற் காணத்தக்க தாவரவியலும், ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிற் காணத்தக்க இயந்திரவியலும், கொழும்பு ஏலத்தின் விலை நிர்ணயமும், நாட்கூலியின் கணக்கும், குடியுரிமைச் சட்டங்களின் கதையும் அதனுள் அடங்கும். வரலாற்றாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒருங்கிருந்தாலன்றி இத்தகைய பாடம் உருவாகாது. இதனைக் கற்கும் பிள்ளை கொழுந்து பறிக்கப் பயில்வதில்லை. தன் தாயின் கூடையிலுள்ள கொழுந்தின் விலையை யார், எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்பதை அறிந்துகொள்கின்றது.

சூழலை அறிதல் சூழலுக்கு அடங்குதற்கன்று, அதனை மாற்றுதற்கே. கண்டிப் பிரதேச ஆசிரியர் இனி ஒன்றுகூடி வகுக்கும் எத்திட்டமும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடப்படல் வேண்டும்.