கார் ஏசியில் வெப்பக் காற்று வருகிறதா? அந்தமான் வாகன ஓட்டிகள் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கார் ஏசி பழுதடைவது வியர்வையோடு முடிந்துவிடும் தொல்லை அன்று. தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) ஆண்டின் பெரும்பகுதியில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. மழையில் சன்னல்களை மூடிச் செல்லும்போது முன்கண்ணாடியின் உட்புறம் நீராவி படிந்து பாதை மறையும். அந்த ஈரத்தை உறிஞ்சி, கண்ணாடியை விரைவில் தெளிவாக்குவது ஏசிதான்.

திக்லிப்பூர், மாயாபந்தர், ரங்கத் பகுதிகளிலிருந்து உயர் சிகிச்சைக்காகத் தலைநகரின் ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குச் சாலை வழியே வருவோர் அந்தமான் டிரங்க் சாலையையே நம்பியுள்ளனர். அச்சாலையில் ஜாரவா பழங்குடியினர் காப்பகப் பகுதியை வாகனங்கள் பாதுகாப்பு அணிவகுப்பாகவே கடக்க வேண்டும். இடையில் நிறுத்தவோ, இறங்கவோ அனுமதி இல்லை. எனவே, பழுதைப் புறப்படும் முன்பே கண்டறிவது அவசியம்.

ஏசி இயங்குவது எப்படி?: ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. கம்ப்ரஸர் அழுத்தும் குளிர்பதன வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் விரிவு வால்வு வழியே அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் உள்ள எவாப்பரேட்டரில் மீண்டும் ஆவியாகிறது. அப்போது அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அது ஈர்த்துக்கொள்கிறது. இந்தச் சுழற்சியில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் வெப்பக் காற்றே வரும்.

அறிகுறி சொல்லும் காரணம்: கார் ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெப்பக் காற்று வந்தால் கண்டென்சர் விசிறியை முதலில் சோதிக்க வேண்டும். அணிவகுப்பின் மெதுவான பயணத்திலும், படகுத் துறையில் காத்திருக்கும் நேரத்திலும் இக்குறை வெளிப்படும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரில் தூசியோ பூஞ்சையோ அடைத்திருக்கலாம். முதலில் குளிர்ந்து, சிறிது நேரத்தில் நின்று, அணைத்து வைத்த பின் மீண்டும் குளிர்ந்தால், குழாய்க்குள் புகுந்த ஈரம் விரிவு வால்வில் உறைவதோ, எவாப்பரேட்டரில் பனி கட்டுவதோ காரணமாகலாம்.

எப்போதும் வெப்பக் காற்றே வந்தால், இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, கம்ப்ரஸர் முகப்பைத் தொடாமல் கவனிக்க வேண்டும். மின்காந்த கிளட்ச் உள்ள வண்டிகளில் 'டக்' என்ற ஒலியுடன் முன்தட்டு சுழலத் தொடங்கும். சுழலவில்லை எனில் ஃபியூஸ், ரிலே, வயரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாயு மிகக் குறைந்திருந்தாலும் அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரை இயங்கவிடாது. கம்ப்ரஸர் ஓடியும் குளிர் இல்லை எனில் வாயு குறைவு, கம்ப்ரஸர் தேய்மானம், வெந்நீர்க் காற்றைக் கலக்கும் உட்கதவின் பழுது ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை.

கடற்காற்றின் பாதிப்பு: கண்டென்சர் மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. உப்புக்காற்றும் சேறும் படிந்து அதை அரிக்கும்போது நுண்துளைகள் வழியே வாயு கசியும். மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது கசிவின் அடையாளம். அவ்வப்போது நல்ல தண்ணீரை மெதுவான வேகத்தில் பீய்ச்சி கண்டென்சரைக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் நிரப்பினால் போதுமா?: போதாது. இது மூடிய சுற்று. பெட்ரோலைப் போல வாயு எரிந்து தீர்வதில்லை. சில வாரங்களில் அளவு மீண்டும் குறைந்தால் கசிவு உண்டு என்பதே பொருள். நைட்ரஜன் அழுத்தச் சோதனை அல்லது புற ஊதா ஒளியில் மிளிரும் சாயம் மூலம் கசிவைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு வெற்றிடப் பம்பால் காற்றையும் ஈரத்தையும் அகற்றி, பானட்டுக்கு உட்புறம் ஒட்டப்பட்டுள்ள தகவல் சீட்டில் உள்ள கிராம் அளவின்படி எடைபோட்டு நிரப்ப வேண்டும். அளவு கூடினாலும் குளிர் குறையும். குழாய்ச் சுற்றைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுவது நல்லது. ஈரப்பதம் மிகுந்த தீவில் இது கூடுதல் முக்கியம்.

ஓசோன் படலத்தைச் சிதைத்த ஆர்-12 வாயு, 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. அதன் இடத்தில் பரவலான ஆர்-134ஏ, ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கக் கூடியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஆகவே பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், மீட்பு இயந்திரத்தில் சேகரிக்கும் பணிமனையை நாடுவது நல்லது.

இவற்றைச் செய்யாதீர்: சமையல் எரிவாயுவைக் குளிர்பதன வாயுவாக நிரப்புவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். திரவ நிலையில் பீறிடும் வாயு கண்ணையும் தோலையும் உறையவைக்கும் என்பதால் வீட்டில் குழாய்களைக் கழற்றக் கூடாது. மின்சார, ஹைபிரிட் கார்களில் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால் பயிற்சி பெற்றவரே கைவைக்க வேண்டும்.

உதிரிபாகம் வாங்கும் முன்: தீவில் கிடைக்காத பாகம், ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கடந்து சென்னை போன்ற இடங்களிலிருந்து வர வேண்டும். கப்பல் பயணமே சுமார் 3 நாள்கள் ஆகும். தவறான பாகத்தை வரவழைத்தால் பணத்துடன் நாள்களும் வீணாகும். எனவே, அழுத்த அளவுமானியின் இரு அளவுகளையும் கசிவுச் சோதனையின் முடிவையும் பணிமனையிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, காரின் மாடல், தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே பாகத்துக்குப் பணம் செலுத்த வேண்டும்.