1833 விண்வீழ் பொழிவும் நேரில் கண்டோர் சான்றும்

1833ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் விடியலுக்கு முன், வட அமெரிக்க வானில் எண்ணற்ற ஒளிக்கீற்றுகள் மழையெனப் பொழிந்தன. அவற்றின் தோற்றத்தை அன்றைய அறிவியல் அறிந்திருக்கவில்லை. உலகம் முடிவுறுகிறது எனப் பலர் அஞ்சினர்.

யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட் தாம் கண்டதை நாளிதழில் வெளியிட்டு, பிறர் கண்டவற்றையும் எழுதியனுப்ப வேண்டினார். பல ஊர்களிலிருந்து வந்த மடல்களை ஒப்பிட்டபோது, அக்கீற்றுகள் சிம்ம விண்மீன் குழுவின் ஒரு புள்ளியிலிருந்து பரவுவனவாகத் தோன்றியமை புலனாயிற்று. அப்புள்ளி விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்தமையால், ஒளிகளின் தோற்றுவாய் வளிமண்டலத்துக்கு அப்பாற்பட்டது என அவர் முடிவு செய்தார்.

மடல் எழுதியோர் எழுத்தறிவும் இதழ்த் தொடர்பும் உடையவர்கள். அதே வானைக் கண்ட பிறரின் சான்றுகள் வேறிடங்களில் உள்ளன. அடிமையாயிருந்த பிரெடரிக் டக்ளஸ் அக்காட்சியைப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் பதிந்தார். லக்கோட்டா மக்களின் ஆண்டுக்குறிப்பு ஓவியங்கள் அவ்வாண்டை விண்மீன்கள் வீழ்ந்த ஆண்டாகவே சுட்டுகின்றன. அவ்வோவியங்களின் கால வரிசையை நாட்காட்டியோடு பொருத்த ஆய்வாளர்க்கு இந்நிகழ்வே உறுதியான பற்றுக்கோடாயிற்று.

எனவே, நேரில் கண்டோர் கூற்று அச்சத்தின் வெளிப்பாடு என ஒதுக்கத்தக்கதன்று. ஒன்றோடொன்று ஒப்பிடப்படும்போது அது வரலாற்றுக்கும் வானியலுக்கும் தரவாகிறது.