பத்துக்குப் பன்னிரண்டும் பதினாறு கிலோபைட்டும்

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். இப்போது லினக்ஸ் கெர்னலுக்குச் சாதன இயக்கிகள் எழுதுகிறேன். இயக்கியின் ஸ்டாக் செலவை, அதாவது அடுக்கு நினைவகச் செலவை, எப்படிக் குறைப்பது என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, வாயில் வந்த உதாரணங்கள் எல்லாம் காம்பரா என்று நாங்கள் சொல்லும் லயத்து ஒற்றை அறையிலிருந்தே வந்தன. அன்றிலிருந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவருகிறேன்.

காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி; குடும்பம் பெருத்தாலும் அளவு மாறாது. கெர்னல் அடுக்கு, 64 பிட் எக்ஸ்86 கணினியில், 16 கிலோபைட். வேலை பெருத்தாலும் அளவு மாறாது. சாதாரண நிரலின் அடுக்கு தேவைக்கேற்ப வளரும், இது வளராது. இரண்டும் சிறுத்ததற்குக் காரணம் எண்ணிக்கை. கணினியில் ஓடும் ஒவ்வோர் இழைக்கும், அதாவது திரெட்டுக்கும், ஓர் அடுக்கு வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளால் பெருக்கினால் ஒரு கிலோபைட்டும் கணக்கில் கனக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா வேண்டும். லயம் லயமாகக் கட்டியவர்களுக்கு ஓரடி நீளச் சுவரும் அப்படியே கனத்தது.

கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். காம்பராவுக்குள் அதற்கு இடமில்லை. லயத்துக்கு முன்னால் பந்தல் போடுவார்கள். அண்டாவும் கிடாரமும் கோயிலிலிருந்து வரும். விருந்து முடிந்ததும் புளி போட்டுத் துலக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கெர்னலிலும் இதுவே முதல் பாடம். இரண்டாயிரம் பைட் கொண்ட வரிசையை ஃபங்ஷன் எனப்படும் செயற்கூறுக்குள் அறிவித்தால் அது அடுக்கில் வந்து குந்திக்கொள்ளும். அதற்குப் பதிலாக கேமலாக் என்ற செயற்கூறு கொண்டு பொது நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் கேஃப்ரீ சொல்லித் திருப்பிவிட வேண்டும். திருப்ப மறந்த கிடாரத்தால் அடுத்த கல்யாண வீடு தவிக்கும். திருப்ப மறந்த நினைவகத்தால் முழுக் கணினியும் மெல்ல மெல்லத் தவிக்கும்.

சாவு வேறு. கல்யாணத்துக்கு நாள் குறித்துப் பாத்திரத்துக்குக் காத்திருக்கலாம், சாவுக்குக் காத்திருக்க முடியாது. அதனால் எங்கள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. மாதச் சந்தா கட்டி, கூடாரத் துணி, நாற்காலி, தேநீர்ச் சட்டி எல்லாம் முன்கூட்டியே வாங்கி ஓரிடத்தில் பூட்டி வைத்திருந்தோம். இந்த வேறுபாடு கெர்னலிலும் அச்சாக இருப்பதைக் கண்டபோது நான் வியந்துபோனேன். அங்கேயும் நினைவகம் கேட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் இடம் கிடைக்கும்வரை இழை உறங்கிக் காத்திருக்கலாம். மற்றொன்று இன்டரப்ட் எனப்படும் குறுக்கீட்டுக்குள் இருப்பவர்களுக்கு. அங்கே உறங்கக்கூடாது, உடனே கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனவே நல்ல இயக்கி, சாதனத்தோடு முதன்முதல் இணையும் புரோப் கட்டத்திலேயே தனக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்கிறது. மரணச் சங்கத்தை நடத்திய பெரியவர்கள் எவரும் கணினியைக் கண்டவர்களல்லர். ஆனால் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பார்த்த அவர்கள் அறிவும், கெர்னலை வடித்தவர்கள் அறிவும் ஒன்றென்றே கருதுகிறேன்.

விருந்தாளி வந்தால் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பாய் விரிப்போம், உள்ளே இருப்பவர்கள் புரண்டு படுக்கவாவது முடியும் என்பதற்காக. கெர்னலில் குறுக்கீடும் ஒரு விருந்தாளிதான். 32 பிட் எக்ஸ்86 காலத்தில் குறுக்கீட்டைக் கவனிக்கும் வேலையும் ஓடிக்கொண்டிருந்த இழையின் அடுக்கிலேயே நடந்தது. பின்னர் அதற்குத் தனி அடுக்கு வந்தது.

சுவருக்கு வருவோம். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை ஏறவில்லை. ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையை இருமவைக்கும். கெர்னல் அடுக்கும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. நிரம்பி வழிந்தால் வழிந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து நினைவகத்தில் கிடந்த தரவு சத்தமில்லாமல் அழியும். எங்கோ, வேறு யார் மேலோ பழி விழும். 2016 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.9, எக்ஸ்86 அடுக்குகளுக்குக் கீழே தொட்டாலே பிடித்துக்கொடுக்கும் காவல் பக்கம் ஒன்றை வைக்க வழிசெய்தது. இந்த ஏற்பாட்டின் பக்கவிளைவாக, அடுக்கிலிருந்தே சாதனத்துக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருந்த யூஎஸ்பி இயக்கிகள் பலவும் அப்போதுதான் அகப்பட்டுத் திருத்தப்பட்டன. நடுச்சுவரைக் கூரைவரை ஏற்ற ஆகும் செலவு சில நூறு கல்தான். எங்கள் லயத்தில் அது இன்றுவரை ஏறவில்லை.

இனி உள்ளடுக்கு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிறகு அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி. நடுவே ஒரு சேலைத் திரை. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் அதிக இடம் எடுக்கவில்லை. கெர்னலில் 2014இல் நடந்ததும் இதுவே. நினைவகம் குறைந்து, நினைவகப் பக்கங்களை வட்டிலுள்ள ஸ்வாப்புக்கு எழுதப்போய், வட்டு வேலையைக் கவனிக்கும் பிளாக் தளத்தைக் கடந்து விர்ட்டியோ எனப்படும் மெய்நிகர் சாதன இயக்கி வரை ஒன்றையொன்று அழைத்துச் சென்ற சங்கிலி, அன்றிருந்த 8 கிலோபைட்டைத் தாண்டியது. எந்தச் செயற்கூறும் தனித்துக் குற்றவாளியல்ல. எல்லாம் அதிகபட்சம் சில நூறு பைட்டுகள்தான். அந்த ஆண்டு ஜூனில் வந்த 3.15 பதிப்பிலேயே எல்லை 16 கிலோபைட்டாக இரட்டித்தது. அதற்கு முன், 2004இல், எதிர்த்திசையில் சிலர் அடுக்கை 4 கிலோபைட்டாகச் சுருக்கவும் முயன்றார்கள். அது பின்னர் கைவிடப்பட்டது.

ஒப்புமை இங்கே முறிகிறது. செயற்கூறு வேலை முடிந்தால் திரும்பிவிடும். அதன் இடம் அடுத்ததற்கு. காம்பராவில் யாரும் அப்படித் திரும்புவதில்லை. பாட்டி எழுந்து போனால்தான் அண்ணிக்கு இடம் என்று எந்த மனிதரும் எண்ண முடியாது.

ஆனால் முறிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஒற்றுமை தலைகாட்டுகிறது. இயக்கி எழுதுபவரால் அடுக்கின் எல்லையை மாற்ற முடியாது. கெர்னலின் நடுவில் இருப்பவர்கள்தான் மாற்ற வேண்டும். காம்பராவில் இருப்பவராலும் சுவரைத் தள்ள முடியாது. தோட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். கெர்னலில் அந்தக் கோரிக்கை எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்படுகிறது, காரணத்தோடு பதில் வருகிறது. சிக்கனத்தையும் கெர்னல் கேட்கவே செய்கிறது: 64 பிட் கெர்னலில் ஒரு செயற்கூறு தனியாக 2048 பைட்டைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில் கம்பைலரே எச்சரித்துவிடும். சிக்கனத்தை நான் மனதார மதிக்கிறேன், அது என் பிழைப்பு. ஆனால் சிறிய இடத்தில் திறமையாக வாழ்கிறார்கள் என்பதே அந்த இடத்தைச் சிறிதாகவே வைத்திருப்பதற்கு நியாயமாகிவிடக்கூடாது.

போன தீபாவளிக்குப் போனபோது டேப் வைத்து அளந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு, ஆறு பேர். பின்பக்கம் தகரம் இறக்கிச் சமையலறையை நான்கடி நீட்ட அனுமதி கேட்டு அண்ணன் எழுதிக் கொடுத்து இரண்டு வருடமாகிறது, பதில் இல்லை. அந்தக் கடிதத்தின் நகலை மழை ஒழுகாத மூலையில், பரணில், ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருக்கிறார்.