1838ஆம் ஆண்டுப் பாரிஸ் மேடையில் திருவந்திபுரம் குழு: நிகழ்ச்சி விமர்சனங்களை இசை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

முன்னுரை

மேடை நிகழ்ச்சிகளை உடனுக்குடன் பதிவுசெய்யும் இதழியல் விமர்சனம் பிற்காலத்தில் இசை வரலாற்றுக்குச் சான்றாகிறது. அச்சான்று எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை, 1838இல் புதுச்சேரி வழியாக ஐரோப்பா சென்ற குழுவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குழுவும் பயணமும்

கோயில் சார்ந்த ஆடல் மகளிர் ஐவரும் இசைக்கலைஞர் மூவரும் தார்திவேல் என்னும் பிரெஞ்சு ஏற்பாட்டாளருடன் புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்துகொண்டு கடல் கடந்தனர். ஆகஸ்டு மாதம் பாரிஸின் வரியேத்தே அரங்கிலும், பின்னர் இலண்டனின் அடெல்பி அரங்கிலும் அவர்கள் நிகழ்ச்சி நடத்தினர். ஐரோப்பிய ஆவணங்களில் அவர்களது ஊர்ப்பெயர் திரிந்து, திண்டிவனத்தை நினைவூட்டும் வகையில் காணப்படுகிறது. எனினும், கடலூரை அடுத்த திருவந்திபுரமே அவ்வூர் என ஆய்வாளர் கொள்வர். இசைக்கலைஞருள் ஒருவர் பெயர் தேவநாயகம். திருவந்திபுரத்துப் பெருமாளின் திருநாமமும் தெய்வநாயகன், தேவநாதன் என்றே வழங்குவதால், இப்பெயர் அக்கருத்துக்கு அரண் செய்கிறது. மற்றொருவர் பெயர் இராமலிங்கம். பெயர் ஒன்றே சமயச் சார்பை உறுதிப்படுத்தாது. ஆயினும், வைணவக் கோயில் சார்ந்த குழுவில் இத்தகைய பெயரும் இடம்பெறுவது, கலைஞர் குடும்பங்களின் தொழில் உறவு சமய எல்லைக்குள் மட்டும் அடங்கவில்லையோ என்னும் வினாவை எழுப்புகிறது.

விமர்சகரின் கண்ணும் செவியும்

குழு பாரிஸ் சேரும் முன்பே ‘பயதேர்’ என்னும் கற்பனைப் பிம்பம் அங்கு உருவாகிவிட்டது. கெதேயின் 1797ஆம் ஆண்டுக் கதைப்பாடலும், ஓபேரின் 1830ஆம் ஆண்டு ஆபெராவும் அதனை வளர்த்தன. கவிஞரும் இதழாளருமான தெயோஃபில் கோத்தியே ‘லா பிரெஸ்’ இதழில் இக்குழுவைப் பற்றி எழுதியபோது, அம்மணி என்னும் இளம் கலைஞரின் தோற்றமும் ஆடை அணிகளும் அவரது எழுத்தில் முதன்மை பெற்றன. சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அம்மணிக்கு வெண்கலச் சிற்பமும் வடித்தார். தாளமும் குழலும் முழவும் இசைத்த மூவரோ ஆடலின் பின்னணியாகவே எஞ்சினர். தமிழகத்தில் தஞ்சை நால்வரின் அடவு, மார்க்க முறைகள் நிலைபெற்றுவந்த காலம் அது. இராகம், தாளம், பாட்டு என வகுத்துக் கேட்கும் பயிற்சி ஐரோப்பிய விமர்சகருக்கு இருக்கவில்லை. ஆகவே அவர்தம் மௌனத்தை இசையின் எளிமைக்குச் சான்றாகக் கொள்வது பிழையாகும்.

முடிவுரை

1947ஆம் ஆண்டுச் சென்னைத் தேவதாசிச் சட்டத்திற்குப் பின் கோயில் ஆடல் மரபு அறுந்தது. அதனால் இத்தகைய அயல்நாட்டுப் பதிவுகளின் மதிப்பு கூடியுள்ளது. ஆனால் அவற்றை அப்படியே ஏற்றால், ஆடியவர் காட்சிப் பொருளாகவும் இசைத்தவர் பெயரளவினராகவும் மீண்டும் சுருங்குவர். ஊர்ப்பெயர், ஆட்பெயர், கருவி ஆகிய சிறு தரவுகளைக் கோயில் ஆவணங்களோடும் புதுச்சேரி ஆவணங்களோடும் ஒப்பிட்டு வாசிப்பதே அவ்விசைக்கலைஞரை வரலாற்றில் மீட்கும் வழியாகும்.