அம்பலம் தந்த புகல்

மாரிக்கால நள்ளிரவில் ஒதுங்க இடமின்றி வருவோருக்கு யார் கதவைத் திறப்பது? இந்தக் கேள்வியை நம் காப்பியங்களுள் நேர்நின்று கேட்டது மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் படைத்த ஆபுத்திரன், பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன். வளர்ந்த ஊரிலிருந்தும் துரத்தப்பட்டவன். மதுரைக்கு வந்த அவன், சிந்தாதேவி கோயில் முன்றிலில் இருந்த அம்பலத்தைத் தன் இருப்பிடமாக்கிக் கொள்கிறான். பகலில் வீடு வீடாக இரந்து, பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நடக்க இயலாதோருக்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, இரவில் திருவோட்டையே தலையணையாக வைத்துத் துயில்கிறான்.

மழைக்கால இரவொன்றில், வழிநடந்து களைத்த சிலர் அந்த அம்பலத்தை அடைந்து, பசிக்கிறது என்று அவனை எழுப்புகிறார்கள். கொடுக்க ஏதுமின்றி அவன் கலங்கி நின்ற வேளையில்தான் அமுதசுரபி அவன் கைக்கு வருகிறது. கிடைத்தற்கரிய அப்பாத்திரம் அரண்மனையில் தோன்றவில்லை, வீடற்றவர் படுத்துறங்கிய பொதுமண்டபத்திலே தோன்றியது என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

அம்பலம் என்பதற்குப் பொதுவிடம், மன்றம் என்னும் பொருள்கள் உண்டு. இதே சொல் சிங்கள மொழியில் 'அம்பலம' என வழங்குகிறது. வழிப்போக்கர் தங்கிச் செல்லும் அம்பலமவைக் குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டியவில் இன்றும் மரச்சிற்பங்களோடு காணலாம். யாழ்ப்பாணத்திலோ மடங்களும், தெருவோரத்துச் சுமைதாங்கிகளும், வீட்டு வாயிலில் கூரையிட்ட சங்கடப்படலைகளும் இருந்தன. யார், எவர் என்று வினவாமல் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் தருவதை, இத்தீவின் இரு மொழியினரும் வாழ்க்கை முறையின் ஓர் அங்கமாகவே வைத்திருந்தனர்.

நவீன நகரம் வேறொரு நியாயத்தைக் கொண்டுவந்தது. 1841ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியினர் இங்கு இயற்றிய சட்டமொன்று, இரந்து திரிவதையும் வேலையின்றி அலைவதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக வகுத்தது. அது இந்த நூற்றாண்டிலும் நீடித்தது. அச்சட்டத்தின் கண்ணுக்கு நம் ஆபுத்திரனும் ஒரு குற்றவாளியே! காப்பியத்தில் மணிமேகலை, சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். காலனித்துவச் சட்டமோ, அறக்கோட்டத்தில் இருக்கவேண்டியவனைச் சிறைக்கோட்டத்துக்கு அனுப்பியது.

ஆயினும் அம்பலத்தின் மரபு கொழும்பில் அற்றுப் போய்விடவில்லை. நெருக்கடி வந்தபோது அது வேறு உருவில் வெளிப்பட்டது. 1958 மே மாதத்துக் கலவரத்தின்போது, உயிர்தப்பி வந்த தமிழர்களுக்கு றோயல் கல்லூரி உள்ளிட்ட இடங்கள் முகாம்களாயின. ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தபோது, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் சரஸ்வதி மண்டபமும் கதிரேசன் கோயிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையும் ஒரே நாளில் பல்லாயிரவரின் வீடுகளாயின. 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலின் பெயர் அத்தலைமுறையினரின் நினைவில் இன்றும் நிற்கிறது. முகாமை அடையும்வரை தம் வீட்டு அறைகளில் அயலவரை ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களையும் நாம் மறத்தலாகாது.

அவ்வாண்டில் நான் எழுத்தறியாக் குழந்தை. பின்னாளில் ஆசிரியனானபோது, முகாம்களில் தொண்டாற்றிய மூத்தோர் சிலர் சொல்லக் கேட்டேன். வாங்குகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைக் கிடத்தினார்களாம். பெரியவர்கள் வெறுஞ் சீமெந்துத் தரையில் படுத்தார்களாம். காணாமற்போனவர்களின் பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டனவாம். பெருமழை பெய்த இரவில், முற்றத்திலே கிடந்தவர்களுக்கு இடம்விட்டு உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்றே விடியவைத்தார்களாம். பாடசாலை மீண்டும் தொடங்கியபோது அந்தக் கரும்பலகைகள் துடைக்கப்பட்டன. துடைத்தவர்கள் அதனை வரலாறென்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

இந்தக் கதவு ஓரினத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்குப் புத்தளத்தின் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் இடமளித்தன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபோது கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாமே அம்பலங்களாயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் வெள்ளத்துக்குத் தப்பியோருக்கும் வகுப்பறைகளே முதற்புகலாயின.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஆயிரம் பேர் ஒருமிக்க வீடிழந்தால் நாம் வாயிற்கதவைத் திறக்கிறோம். சோற்றுப் பொதி கட்டுகிறோம். நம் பிள்ளைகளின் மேசைகளை ஒதுக்கி வைக்கிறோம். ஒரே ஒருவர் வீடிழந்து, கொட்டாஞ்சேனையில் மூடிய கடையின் படிக்கட்டில் சாக்கை விரித்துப் படுத்தால், அவரை எழுப்பி விரட்டுகிறோம். அவரையும் ஏதோ ஒரு தீ எரித்திருக்கும். ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுபோயிருக்கும். அந்தத் தீ பத்திரிகையில் வரவில்லை என்பதே வேறுபாடு. இரத்தல் குற்றமென்ற 1841இன் நியாயத்தை, சட்டப் புத்தகத்தைப் பாராமலே நாம் மனத்திற் சுமந்து திரிகிறோம்.

மணிமேகலை பாடத்தில் அமுதசுரபியை அற்புதமென்று சொல்லி மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அற்புதத்துக்கு முன் நிகழ்ந்ததை நான் அவர்களிடம் கேட்பதுண்டு: நள்ளிரவில் எழுப்பப்பட்டவன் என்ன செய்தான்? அவன் சினக்கவில்லை; காரணம் வினவவில்லை; வந்தவர்களை வெளியே போகச் சொல்லவுமில்லை. கொடுப்பதற்கு ஒன்றுமில்லையே என்று வருந்தினான். பாத்திரம் அதற்குப் பின்னரே வந்தது.

1958ஐயும் 1983ஐயும் முகாம்களில் வாழ்ந்து கண்டவர்கள் நம்மிடையே குறைந்து வருகின்றனர். எந்த மண்டபத்தில் எத்தனை நாள், யார் சமைத்தார், யார் நீர் கொண்டுவந்தார் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைப்பது நம் பாடசாலைகளின் கடமை. மழை பெய்யும் ஓரிரவில், அப்பாடசாலைகளின் பூட்டிய படலைக்கு வெளியே ஒதுங்கி நிற்பவர் எவரேனும் உண்டா என்று பார்ப்பதும் அதே கடமையின் மறுபாதி.