முன்னும் பின்னும்: ஒரு ஜெர்மானிய மோட்டார் காரின் வரலாறு

1936ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பெர்லின் மாநகரில் மோட்டார் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கார்ல் பென்ஸ் என்பார் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29ஆம் நாள். ஆகவே அக்கண்காட்சி மோட்டார் வண்டியின் பொன்விழாவாகவும் அமைந்தது. பென்ஸின் வழிவந்த டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தார் அங்கே ஒரே எஞ்சினைத் தாங்கிய இரு வேறு கார்களை மக்கள் முன் வைத்தனர். ஒன்றில் எஞ்சின் முன்னே இருந்தது. மற்றதில் பின்னே இருந்தது. முன்னதன் பெயர் 170 வி. பின்னதன் பெயர் 170 எச். எண், எஞ்சினின் கொள்ளளவான 1.7 லிட்டரைக் குறிப்பது. எழுத்துகளோ ஜெர்மானிய மொழியில் முன்புறத்தைக் குறிக்கும் 'ஃபோர்ன்' என்ற சொல்லின் முதலெழுத்தும், பின்புறத்தைக் குறிக்கும் 'ஹெக்' என்ற சொல்லின் முதலெழுத்துமே. இதில் மறைபொருள் ஏதோ இருக்கிறது என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அகராதியைப் புரட்டிய பிறகே ஐயம் தீர்ந்தது.

ஒரு நிறுவனம் தன் பொருளுக்குத் தானே போட்டியாளனை நிறுத்தியது ஏன் என்ற வினா இங்கே எழுகிறது. இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

டைம்லர், பென்ஸ் என்னும் இரு பழம்பெரும் நிறுவனங்கள் 1926இல் ஒன்றாயின. அவை செய்த கார்கள் பெரியவை, விலை மிக்கவை. மூன்றாண்டுகளுக்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்து சூழ்ந்தது. 1932இல் ஜெர்மனியில் வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டிற்று. செல்வர்களுக்கென்றே கார் செய்து காலம் தள்ள முடியாது என்பது நிறுவனத்தார்க்குத் தெளிவாயிற்று. 1931 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அவர்கள் வெளியிட்ட 170 என்னும் சிறிய கார், அத்தெளிவின் பயனாகும். ஆறு சிலிண்டர், 32 குதிரைத்திறன், விலை 4,400 மார்க்கு. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும்படி அதில் அமைத்திருந்தனர். நம் மாட்டு வண்டியில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுவதும் சாய்வதைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

இக்காரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் ஹான்ஸ் நீபெல். பெர்டினாண்டு போர்ஷே அந்நிறுவனத்தை விட்டு அகன்றபின் தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் இவர் கைக்கு வந்தது. நீபெலுக்கு நெடுநாளைய ஆசை ஒன்று இருந்தது. 1923இலேயே பென்ஸ் நிறுவனத்தார் நீர்த்துளி வடிவில், ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்திருந்தனர். அம்முயற்சியில் நீபெலுக்கும் பங்கு உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பின் அதிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட தண்டு வேண்டியதில்லை, தளம் தாழும், முன்புறம் காற்றைக் கிழித்துச் செல்லும்படி குவியும். எண்ணிப் பார்க்குமிடத்துக் குறை காணவொண்ணாத வாதம் இது. 1934இல் வெளிவந்த 130 என்னும் கார் இவ்வாதத்தின் உருவம். ஆனால் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரங்களின்மேல் அமர்ந்தமையால் வளைவுகளில் அதன் வால் விலகியோட முற்பட்டது. நான்காயிரத்துச் சொச்சம் வண்டிகளோடு அது நின்றுபோயிற்று. அதே ஆண்டு நவம்பரில் நீபெல் காலமானார். தம் கருத்தின் இறுதித் தேர்வை அவர் காணவில்லை.

அத்தேர்வுதான் பெர்லினில் நடந்தது.

முன்னெஞ்சின் காரில் புரட்சி ஏதுமில்லை. ஆனால் சிக்கனம் இருந்தது. முந்தைய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை விடுத்து, ஏறக்குறைய அதே கொள்ளளவில், 1,697 கன சென்டிமீட்டரில், நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினர்; திறன் 38 குதிரையாக உயர்ந்தது. நான்கு சிலிண்டருக்கே உரிய அதிர்வைத் தணிக்க எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின்மேல் இருத்தினர். கனத்த பெட்டிச் சட்டத்துக்கு மாறாக, நீள்வட்டக் குழாய்களைப் பெருக்கற்குறிபோல் குறுக்கே இணைத்து அடிச்சட்டம் அமைத்தனர். எடை குறைந்தது, முறுக்கம் தாங்கும் வன்மை கூடிற்று. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் செல்லும். விலை 3,750 மார்க்கு.

பின்னெஞ்சின் காருக்கோ 4,350 மார்க்கு விலையிட்டனர். பயணப் பெட்டிகளுக்கு இடம் குறைவு. வளைவில் பழைய குணமும் முற்றும் போகவில்லை. அக்கார் 1,507 மட்டுமே விற்றது. முன்னெஞ்சின் காரோ போர்க்கால நெருக்கடியில் நிற்கும் வரையில் எழுபதினாயிரத்துக்கு மேல் விற்றது. அதற்குமுன் மெர்சிடிஸ் பெயரில் வந்த எக்காரும் இத்தொகையை அணுகவில்லை. கருத்தளவில் பின்னெஞ்சினே சிறந்தது என்று வாதிடுவோர் இன்றும் உளர். அடுத்த தலைமுறையில் போர்ஷே அதே அமைப்பைக் கொண்டு வோக்ஸ்வாகனில் வெற்றி கண்டதை அவர்கள் சுட்டுவர். அவ்வண்டி எடையும் எஞ்சினும் மிகச் சிறியது. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்பது நம் கருத்து.

இக்கார் பொதுமக்கள் கார் என்று எண்ணிவிடலாகாது. அந்நாளில் ஜெர்மனியில் சராசரித் தொழிலாளி ஒருவர் இரண்டாண்டுகள் முழுவதும் ஈட்டினாலும் இதன் விலை தேறாது. மருத்துவர், வணிகர், நடுத்தர அலுவலர் ஆகியோரே இதனை வாங்கினர். புதுக் கார்களுக்கு 1933இல் வரிவிலக்களித்த ஆட்சியின் கொள்கையும் இவ்விற்பனைக்குத் துணை நின்றது. அதே ஆட்சி நாட்டை எங்கே இட்டுச் சென்றது என்பதை உலகம் அறியும்.

போர் தொடங்கியதும் பெட்ரோல் அரிதாயிற்று. விறகிலிருந்து வாயு உண்டாக்கும் கொதிகலம் ஒன்றைச் சுமந்துகொண்டு இக்கார்கள் ஓடின. அக்காலத்தில் நம் நாட்டிலும் கரி வாயுவால் பஸ்கள் ஓடியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1942இல் பொதுப் பயன்பாட்டுக்கான உற்பத்தி நின்றது. தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்கள் செய்யலாயின. 1944இல் நிறுவனத்தின் ஊழியர் அறுபத்து மூவாயிரம் பேரில் ஏறக்குறைய பாதிப்பேர், வலுக்கட்டாயமாகக் கொணரப்பட்ட அயல்நாட்டார், போர்க்கைதிகள், சித்திரவதை முகாம்களிலிருந்து அனுப்பப்பட்டோர் என்று பின்னர் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. காரின் புகழைப் பேசும் நூல்கள் பல இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றன. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை.

குண்டுவீச்சில் தொழிற்சாலைகளின் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் 170 வி காருக்குரிய அச்சுகளும் கருவிகளும் தப்பின. 1946 மே மாதம் அமெரிக்கர் ஆட்சிப் பகுதியில் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. முதலில் செய்தவை சொகுசுக் கார்கள் அல்ல. சிறு சரக்கு வண்டிகளும் நோயாளி வண்டிகளுமே. நாற்கதவுக் கார் 1947இல் வந்தது. 1949இல் அதே எஞ்சினின் உடலிலிருந்தே டீசல் எஞ்சின் ஒன்றை வகுத்து 170 டி என வெளியிட்டனர். அதன் சிக்கனம் வாடகைக் கார்க்காரர்களை ஈர்த்தது. 1954 முதல் 1969 வரை டாட்டா நிறுவனத்தாருடன் கூடி ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரி செய்தவர்களும் இந்நிறுவனத்தாரே. மூன்று முனை நட்சத்திரம் தாங்கிய அந்த லாரிகளை வடநாட்டு நெடுஞ்சாலைகளில் கண்ட முதியோர் நம்மிடையே உண்டு.

1953இல் 170 வி விடைபெற்றது. அடுத்து வந்த 180 என்னும் காரில் தனிச் சட்டமே இல்லை. உடலே தன்னைத் தாங்கி நின்றது. வடிவமும் முற்றிலும் புதிது. ஆனால் அதன் மூடியைத் திறந்தால், உள்ளே, முன்புறத்தில், 1936இன் எஞ்சினே சற்றுப் பெருத்து அமர்ந்திருந்தது. 1957 வரை அது அங்கேயே இருந்தது.