பெஞ்சு வரிசையில் ஓர் ஊர்

1538-ல் மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் பிறப்பித்த ஆணையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) பதிவேட்டில் எழுதிவைக்கச் சொன்ன ஆணை அது. முன்னோரைத் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேடுகளைத்தான். கிடைப்பதோ பெயரும் தேதியும் மட்டும். அந்த மனிதர் கடனாளியா, கோபக்காரரா, எதற்காக ஊரைவிட்டுப் போனார் என்பதெல்லாம் அதில் இருக்காது.

ஷ்ராப்ஷயரில், ஷ்ரூஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் 8 மைல் தூரத்தில் உள்ள மிடில் என்ற சிறு பங்கு மட்டும் இதில் கொடுத்துவைத்தது. அங்கே நியூட்டன் என்னும் குக்கிராமத்தில் 1635-ல் பிறந்தவர் ரிச்சர்ட் கஃப். சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி. இளவயதில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தராக இருந்ததால் பத்திரங்களைப் படித்துப் பழகியவர். அறுபத்தைந்து வயதுக்கு மேல், 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தன் ஊர்க் குடும்பங்களின் கதையை எழுத உட்கார்ந்தார்.

அவர் பிடித்த வழி வேறு எவருக்கும் தோன்றாதது. மிடில் ஆலயத்தின் பெஞ்சுகளை வரைபடமாகப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பெஞ்சாக எடுத்து, அதில் உட்காரும் உரிமை எந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று எழுதிக்கொண்டே போனார். அந்த ஊரில் ஆலய இருக்கை ஆளைச் சேர்ந்ததல்ல. வீட்டையும் நிலத்தையும் சேர்ந்தது. நிலம் கைமாறினால் இருக்கையும் கூடவே போகும். முன்வரிசையில் பெரிய குடும்பங்கள், அவர்களுக்குப் பின்னால் விவசாயிகள், கடைசியில் குடிசைவாசிகள். வரி கட்டாதவர்களும் சின்னப் பையன்களும் ஊர்ப் பெரியவர்களுக்கு மேலே உட்காருவதா என்று அங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஆக, பெஞ்சு வரிசையைச் சொன்னாலே ஊரின் நிலமும் அந்தஸ்தும் சொன்னதாகிவிடும்.

கஃபின் பெருமை, கடைசி பெஞ்சுக்கு வந்த பிறகும் அவருடைய பேனா களைக்கவில்லை என்பது. அப்பன் சேர்த்த நிலத்தைக் குடித்தே அழித்தவன், மனைவி மதுக்கடையில் வைத்த கடனை ஒரே தடவையில் 10 பவுன் கொட்டி அடைத்த கணவன் எல்லாரும் பெயரோடு வருகிறார்கள். முன்னோரின் குறையை எழுதிவிட்டாரே என்று வருந்துகிறவர்கள் தாங்கள் அந்த வழியில் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து.

என்னை மிகவும் உலுக்கியது உள்நாட்டுப் போர் பற்றிய பகுதி. 1642-ல் மன்னர் முதலாம் சார்லஸுக்காக ஆள் சேர்க்க வந்தார்கள். மிடில் குன்றில் நடந்த அந்தக் கூட்டத்தை, அப்போது சிறுவனாக இருந்த கஃபும் வேடிக்கை பார்க்கப் போனார். வாரம் 14 குரோட், அதாவது 56 பென்ஸ், சம்பளம் என்று அறிவித்தார்கள். மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று கிராமங்களிலிருந்து மட்டும் 20 பேர் போருக்குப் போனார்கள். அவர்களில் 13 பேர் மாண்டார்கள். கஃப் அவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறார். குகை வீட்டில் வாழ்ந்த வில்லியம் ப்ரீஸ் தன் மூன்று மகன்களோடு போனார். முறையான திருமணத்தில் பிறக்காத, ஓரளவு பங்குப் பணத்தில் வளர்ந்த ரிச்சர்ட் சலோனர் என்ற பையன் ஷ்ரூஸ்பரிக்குப் போய்ப் படையில் சேர்ந்தான். அந்தப் போரில் நடந்த எட்ஜ்ஹில் சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றி ஊருக்கு ஒரு தகவலும் வரவில்லை. மூன்று கிராமங்களில் இத்தனை பேர் என்றால் நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்று கஃப் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். மன்னர்களையும் தளபதிகளையும் பற்றிய நூல்களில் அந்தப் பையனுக்கு ஏது இடம்?

கஃப் 1723-ல் இறந்தார். கையெழுத்துப் பிரதி 1834-லும் பிறகு 1875-லும் அச்சேறியது. 1974-ல் மிடில் பற்றித் தனி ஆய்வு நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் டேவிட் ஹே, கஃப் சொன்னவற்றைப் பதிவேடுகளோடும் உயில்களோடும் ஒப்பிட்டார். கிழவரின் நினைவு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது.

அந்த உயில்களுக்குள் அடுத்த வாரம் போவோம். ஒரு விவசாயி இறந்ததும் அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் வந்து, கட்டில், பாத்திரம், பசு, களஞ்சியத்துத் தானியம் என்று ஒவ்வொன்றுக்கும் விலை மதித்து எழுதிய பட்டியல்களும் அவற்றோடு இருக்கின்றன.